கடலுக்குக் கீழே ஒரு நாடு!

ஒரு சிறுவன் மாலை நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் கடல் தடுப்புக் கரையில் ஒரு சிறு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. ஓட்டை பெரிதானால் கரை உடையும். கரை உடைந்தால் ஊரே மூழ்கும். சிறுவன் தன் விரலால் ஓட்டையை அடைத்தான். இரவு முழுவதும் குளிரில் நடுங்கியபடி அங்கேயே இருந்தான். காலையில் ஊர் மக்கள் வந்து அவனைக் கண்டார்கள். ஊர் பிழைத்தது!

இந்த ஆலந்து நாட்டுக் கதையை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். நல்ல கதைதான். ஆனால், நடந்த கதை அல்ல. 1865-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலின் மூலம்தான் அது உலகெங்கும் பரவியது.

ஒரு விரலுக்குக் கடல் பயப்படாது. அப்படியானால், ஆலந்து நாட்டைக் கடலிடமிருந்து காப்பாற்றியது யார்? எப்படிக் காப்பாற்றினார்கள்?

கதையை விட, நடந்த வரலாறு சுவையானது. அதில் பாடமும் இருக்கிறது.

பள்ளத்தில் ஒரு நாடு

ஆலந்து என்று நாம் சொல்லும் நாட்டின் பெயர் நெதர்லாந்து. "தாழ்ந்த நிலம்" என்பது அந்தப் பெயரின் பொருள். அங்குள்ள மக்களை டச்சுக்காரர்கள் என்கிறோம். நம் முன்னோர்கள் அவர்களை "ஒல்லாந்தர்" என்று அழைத்தார்கள்.

சிறிய நாடு. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மக்கள் தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம்.

அந்த நாட்டு நிலத்தில் நான்கில் ஒரு பங்கு, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ராட்டர்டாம் நகருக்கு அருகே ஓர் இடம் கடல் மட்டத்தை விட 22 அடி பள்ளம். அதாவது, இரண்டு மாடி வீட்டின் உயரம்!

அங்கே பசு மேய்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பக்கத்து வாய்க்காலில் போகும் படகு, வீட்டுக் கூரைக்கு மேலே போவது போலத் தெரியும்.

கரைகளும் பம்புகளும் இல்லாவிட்டால், நாட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெள்ள அபாயத்தில் சிக்கும்.

மேட்டில் குடியிருந்தார்கள்

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, வடகடல் ஓரத்தில் வாழ்ந்த மக்கள் கடலோடு சண்டை போடவில்லை. மண்ணைக் கொட்டி மேடு கட்டினார்கள். மேட்டின் மீது குடிசை போட்டார்கள். கடல் பொங்கினால், ஆடு மாடுகளுடன் மேட்டில் இருப்பார்கள். வடிந்தால் இறங்கி வருவார்கள்.

ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, இந்த மக்களைப் பற்றி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை மாறியது. மேடு கட்டியவர்கள் கரை கட்டத் தொடங்கினார்கள். வீட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது, வயலையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள்.

இங்கேதான் ஒரு வினை முளைத்தது!

அந்த நாட்டின் பெரும் பகுதி சதுப்பு நிலம். செடி கொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி, பஞ்சு போல ஆன மண். காய வைத்தால் அடுப்பு எரிக்கலாம். அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நல்ல விளைச்சல் கிடைத்தது.

ஆனால், தண்ணீர் வடிந்த மண் சுருங்கியது. காற்றுப் பட்டு மேலும் மக்கியது. நிலம் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கியது. முன்பு தண்ணீர் தானாக ஆற்றுக்கு ஓடியது. இப்போது ஆறு மேலே, வயல் கீழே!

பயிர் செய்யத்தான் தண்ணீரை வடித்தார்கள். வடித்ததால் நிலம் தாழ்ந்தது. நிலம் தாழ்ந்ததால் வெள்ளம் அதிகமாயிற்று. டச்சுக்காரர்களின் பள்ளத்தில் ஒரு பகுதி இயற்கை கொடுத்தது. ஒரு பகுதி அவர்களே உண்டாக்கிக் கொண்டது. இதை அவர்கள் மறைப்பதில்லை.

கடலும் சும்மா இருக்கவில்லை. 1287-ம் ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1421-ம் ஆண்டு நவம்பரில் மற்றொரு பெருவெள்ளம். அதில் பல கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின.

மண்வெட்டிச் சட்டம்

கரை ஓரிடத்தில் உடைந்தால் எல்லோருடைய வயலும் மூழ்கும். என் வீட்டுப் பக்கம் கரை பலமாக இருக்கிறது, எனக்குக் கவலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் சோம்பேறியாக இருந்தால், என் பிள்ளையும் சாவான்.

ஆகவே, ஊர்கள் ஒன்று சேர்ந்தன. கரைக்கென்று தனிச் சபைகள் ஏற்பட்டன. அவற்றுக்குத் தண்ணீர் வாரியம் என்று பெயர். ரைன்லாந்து என்ற வாரியத்தைப் பற்றி 1255-ம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பு இருக்கிறது. அந்த வாரியம் இன்றும் வேலை செய்கிறது!

வாரியத்தின் சட்டம் கடுமையானது. நிலம் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் தனக்கு ஒதுக்கிய கரையைப் பழுது பார்க்க வேண்டும். வாரியத்தார் வந்து சோதிப்பார்கள். சரியாக இல்லாவிட்டால் அபராதம்.

பழுது பார்க்க வசதி இல்லாதவன் என்ன செய்வான்? தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட வேண்டும். யார் அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறானோ, நிலம் அவனுக்குச் சொந்தம். கரையைக் காக்கும் பொறுப்பும் அவனுக்கே!

கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஏழை விவசாயிக்கு அது கொடுமைதான். பிற்காலத்தில் வேலைக்குப் பதிலாக வரி வந்தது.

இன்று 21 தண்ணீர் வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் நடக்கிறது. தனி வரியும் உண்டு. நகரத்தில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவரும் அந்த வரியைக் கட்டுகிறார்.

காற்றைப் பிடித்து வேலை வாங்கினார்கள்

பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை மேலே தூக்க வேண்டுமே! மாட்டைக் கட்டி இறைத்தால் முடியாது. அந்த நாட்டில் ஓயாமல் வீசுவது காற்று. அதைப் பிடித்தார்கள்.

15-ம் நூற்றாண்டில் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகள் வந்தன. காற்றில் இறக்கை சுற்றும். அதோடு சேர்ந்து கீழே ஒரு சக்கரம் சுற்றும். சக்கரத்தின் பலகைகள் தண்ணீரை வாரி மேலே தள்ளும்.

ஒரு காற்றாலை 4, 5 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தூக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால்? படிக்கட்டுப் போல மூன்று, நான்கு காற்றாலைகளை வரிசையாக வைத்தார்கள். முதல் காற்றாலை இரண்டாவதற்குக் கொடுக்கும். இரண்டாவது மூன்றாவதற்குக் கொடுக்கும். கடைசிக் காற்றாலை வாய்க்காலில் கொட்டும். வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். ஆறு கடலுக்குப் போகும்.

இந்த வித்தை கைவந்ததும் துணிச்சல் வந்தது. ஏரிகளையே வற்ற வைத்தால் என்ன?

பீம்ஸ்டர் என்ற ஏரி. சுமார் 17 ஆயிரம் ஏக்கர். ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் பணம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் டிர்க் வான் ஓஸ். கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கம்பெனிதான் 1613-ம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டியது.

ஏரியைச் சுற்றிக் கரை போட்டார்கள். கரைக்கு வெளியே வாய்க்கால் வெட்டினார்கள். 40-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் இறைத்தன. காற்றாலை வேலையில் முக்கியப் பங்கு யான் லேக்வாட்டர் என்பவருக்கு. அவர் தச்சர்.

1610-ம் ஆண்டில் வேலை முடியும் தறுவாயில் புயல் அடித்தது. கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்தது. ஏரி மறுபடியும் நிரம்பியது! அவர்கள் தலையில் கை வைத்து உட்காரவில்லை. கரையை இன்னும் உயர்த்தி மறுபடி இறைத்தார்கள். 1612-ம் ஆண்டில் ஏரி நிலமாயிற்று.

அந்த வயல்களும் வாய்க்கால்களும் கோடு போட்டது போல இன்றும் இருக்கின்றன.

விமானம் இறங்கும் ஏரி

ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஆர்லெம் ஏரி இருந்தது. புயல் அடிக்கும்போதெல்லாம் ஏரி கரையைத் தின்று பெரிதாகிக்கொண்டே போனது. "தண்ணீர் ஓநாய்" என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1641-ம் ஆண்டிலேயே லேக்வாட்டர் ஒரு திட்டம் எழுதினார். 160 காற்றாலைகள் வைத்து ஏரியை வற்ற வைக்கலாம் என்றார். யாரும் துணியவில்லை. 200 ஆண்டுகள் ஓடின.

1836-ம் ஆண்டில் இரண்டு புயல்கள். ஏரித் தண்ணீர் ஒரு முறை ஆம்ஸ்டர்டாம் வாசலுக்கு வந்தது. மற்றொரு முறை லெய்டன் நகருக்குள் புகுந்தது. அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது.

மூன்று நீராவி என்ஜின்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு லேக்வாட்டர் பெயரையே வைத்தார்கள். 1849-ம் ஆண்டில் இறைக்கத் தொடங்கினார்கள். 1852-ம் ஆண்டில் ஏரி வற்றியது. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நிலம் கிடைத்தது.

அங்கே முதலில் குடியேறியவர்கள் பட்ட பாடு பெரும் பாடு. நல்ல குடிதண்ணீர் இல்லை. காலரா வந்தது. பலர் மாண்டார்கள்.

அந்த ஏரியின் அடியில்தான் இன்று ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. கடல் மட்டத்துக்கு 11 அடி கீழே விமானங்கள் இறங்குகின்றன!

கடலையே ஏரியாக்கினார்கள்

ஆலந்து நாட்டின் நடுவே தெற்குக் கடல் என்று ஒரு வளைகுடா இருந்தது. அதை மூட வேண்டும் என்று கொர்னேலிஸ் லேலி என்ற என்ஜினீயர் 1891-ம் ஆண்டில் திட்டம் தீட்டினார். "இது பைத்தியக்காரத்தனம், பணம் பாழாகும்" என்றார்கள்.

லேலி பிறகு மந்திரியானார். அப்போதும் திட்டம் நகரவில்லை. 1916-ம் ஆண்டு ஜனவரியில் புயல் அடித்தது. வளைகுடாவின் கரைகள் உடைந்தன. 1918-ம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது.

வளைகுடாவை மூடினால் வெளியே அலை எவ்வளவு உயரும்? இந்தக் கணக்கைப் போட்டவர், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி லோரன்ஸ். அவர் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் உட்கார்ந்து கணக்குப் போட்டது.

32 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கடலின் குறுக்கே கரை எழுந்தது. 1932-ம் ஆண்டு மே 28-ந் தேதி கடைசி இடைவெளியை மூடினார்கள். வளைகுடா ஏரியாயிற்று. உப்புத் தண்ணீர் சில ஆண்டுகளில் நல்ல தண்ணீராக மாறியது. அதைப் பார்க்க லேலி உயிரோடு இல்லை. 1929-ம் ஆண்டில் அவர் காலமாகிவிட்டார்.

ஏரியின் சில பகுதிகளை இறைத்து நிலமாக்கினார்கள். சேற்றில் மனிதன் கால் வைக்க முடியாது. ஆகவே, விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் சேற்றின் ஈரத்தை உறிஞ்சியது. பிறகு நாணலை எரித்துவிட்டுப் பயிர் செய்தார்கள்.

பிளெவோலாந்து என்ற மாநிலமே இப்படிப் பிறந்தது. இன்று அங்கே 4 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். அதன் தலைநகரின் பெயர் லேலிஸ்டாட். அதாவது, லேலியின் ஊர்!

ஆனால், கடலை மூடியதால் மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். உப்புத் தண்ணீர் மீன்கள் மறைந்தன. அரசாங்கம் 1925-ம் ஆண்டில் உதவிச் சட்டம் போட்டது. இருந்தாலும், தலைமுறை தலைமுறையாக வலை வீசியவனுக்குப் பணம் மட்டும் ஆறுதல் ஆகுமா? விவசாயிக்கு நிலம் கிடைத்த கதையைச் சொல்லும்போது, மீனவன் கடலை இழந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பயங்கர இரவு

1953-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. சனிக்கிழமை இரவு. வடகடலில் பெரும் புயல். அதே நேரத்தில் கடல் ஏற்றமும் உச்சத்தில் இருந்தது. மலை போல எழுந்த தண்ணீர், தென்மேற்கில் உள்ள சேலாந்து தீவுகள் மீது பாய்ந்தது.

ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வானிலை நிலையத்துக்கு அபாயம் தெரியும். ஆனால், அந்தக் காலத்தில் நள்ளிரவோடு ரேடியோ ஒலிபரப்பு நின்றுவிடும். எச்சரிக்கை வீடுகளுக்குப் போகவில்லை.

கரைகள் உடைந்தன. மக்கள் கூரை மீது ஏறினார்கள். சில கூரைகளும் அடித்துக்கொண்டு போயின. 1,836 பேர் மாண்டார்கள். 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

அந்த இரவில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. ராட்டர்டாமுக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஒன்று உடையத் தொடங்கியது. அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி, "இரண்டு சகோதரர்கள்" என்ற தன் பெரிய படகை உடைப்பில் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். படகு கதவு போல ஓட்டையை மூடியது. கரை நின்றது!

விரல் வைத்த சிறுவன் கதை. படகு வைத்த மனிதர் நிஜம்.

ஆனால், இந்த வீரத்தைப் பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

கரைகள் தாழ்வாக இருக்கின்றன என்பது முன்பே தெரியாதா?

தெரியும்! யோகான் வான் வீன் என்ற அரசாங்க என்ஜினீயர் 1930-களின் கடைசியிலிருந்தே எச்சரித்து வந்தார். கணக்குப் போட்டுக் காட்டினார். வெளியே பேச முடியாததால் புனைபெயரில் எழுதினார். புனைபெயர் என்ன தெரியுமா? "கசாண்டிரா". உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாத கிரேக்கக் கதைப் பெண்ணின் பெயர்!

யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்ததும் இடிந்த வீடுகளைக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. கரை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடல் காத்திருக்கவில்லை.

திறந்து மூடும் கதவு

வெள்ளம் வந்த சில வாரங்களிலேயே டெல்டா குழு அமைக்கப்பட்டது. வான் வீன் அதன் செயலாளர் ஆனார். 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும்படி முக்கியக் கரைகள் இருக்க வேண்டும் என்று குழு சொன்னது. கடல் முகத்துவாரங்களை மூடும் வேலை தொடங்கியது.

கிழக்கு ஸ்கெல்டே என்ற முகத்துவாரத்தை முழுவதும் மூடத் திட்டமிட்டார்கள். இந்த முறை மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. "மூடினால் சிப்பிகள் சாகும். நாங்களும் சாவோம்" என்று போராடினார்கள். இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள்.

அரசாங்கம் திட்டத்தை மாற்றியது. செலவு பல மடங்கு ஏறியது. 62 பெரிய இரும்புக் கதவுகள் வைத்தார்கள். சாதாரண நாளில் கதவுகள் திறந்திருக்கும். கடல் உள்ளே வந்து போகும். சிப்பி வாழும். கடல் மட்டம் 3 மீட்டர் உயரும் என்று தெரிந்தால் கதவுகள் இறங்கும். 1986-ம் ஆண்டில் ராணி பியாட்ரிக்ஸ் இதைத் திறந்து வைத்தார்.

தெற்குக் கடலில் மீனவர் தோற்றார். இங்கே மீனவரும் பிழைத்தார், ஊரும் பிழைத்தது. தவறிலிருந்து ஒரு நாடு கற்றுக்கொண்டதற்கு இதுவே சாட்சி.

ராட்டர்டாம் துறைமுக வாசலில் 1997-ம் ஆண்டில் இரட்டைக் கதவு வந்தது. கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து அதை மூடும். 2023-ம் ஆண்டு டிசம்பர் புயலில் அது தானாகவே மூடிக்கொண்டது.

ஆற்றுக்கு இடம் கொடு

1995-ம் ஆண்டில் கடல் அமைதியாக இருந்தது. ஆறுகள் பொங்கின. இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

கரையை இன்னும் உயர்த்தலாமா? எவ்வளவு உயர்த்துவது? உயரமான கரை உடைந்தால், அழிவும் பெரிதாகும். டச்சுக்காரர்கள் யோசித்தார்கள். புதிய வழிக்கு வந்தார்கள். "ஆற்றுக்கு இடம் கொடு" என்பதே அந்தத் திட்டத்தின் பெயர்.

30-க்கும் மேற்பட்ட இடங்களில் வேலை நடந்தது. சில இடங்களில் கரையைப் பின்னால் தள்ளினார்கள். வெள்ளம் பரவ நிலம் ஒதுக்கினார்கள். நைமேகன் நகரில் கரையை 350 மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். சுமார் 50 வீடுகளை இடித்தார்கள். சொந்த வீட்டை இழந்தவர்களுக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

ஓவர்டீப் என்ற இடத்தில் விவசாயிகள் ஒரு யோசனை சொன்னார்கள். "நிலம் மூழ்கட்டும். எங்களுக்கு மேடு கட்டிக் கொடுங்கள். அதன் மேல் வீடும் மாட்டுத் தொழுவமும் கட்டிக்கொள்கிறோம்" என்றார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

2,500 ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுடைய முன்னோர்கள் செய்ததும் இதைத்தானே!

வெயில் நாளில் வரி

கடல் மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. சதுப்பு நிலம் இன்னும் இறங்குகிறது. ஆகவே, டச்சுக்காரர்களின் வேலை முடியவில்லை. முடியவும் முடியாது. பம்புகள் நின்றால் நாடு மூழ்கும்.

பீம்ஸ்டர் ஏரியை 1612-ல் வற்ற வைத்தவர்களும், ஆர்லெம் ஏரியை 1852-ல் வற்ற வைத்தவர்களும் ஒரே விஷயத்தைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு வீரம் காட்டுவது சுலபம். அப்போது எல்லோரும் ஓடி வருவார்கள். பணமும் கொட்டும். வெள்ளம் வராத ஆண்டில், வெயில் காயும் நாளில், கரைக்கு வரி கட்டுவதுதான் கடினம்.

கரை நன்றாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று தோன்றும். 1953-ம் ஆண்டுக்கு முன்பு அப்படித்தான் தோன்றியது. அதன் விலை 1,836 உயிர்கள்.

ஆலந்தைக் காப்பாற்றியது சிறுவனின் விரல் அல்ல. தன் பங்குக் கரைக்கு மண் போட்ட விவசாயி; கணக்குப் போட்ட விஞ்ஞானி; எச்சரித்த என்ஜினீயர்; எதிர்த்துப் போராடிய மீனவன்; மாதா மாதம் சம்பாதித்ததில் தண்ணீர் வரி கட்டும் சாதாரணக் குடும்பத்தான். இவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

எச்சரிக்கிறவனின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கரை உடைவதற்கு முன்பே கேட்க வேண்டும்!